நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு வாய்

நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷன் என்கிற ஊரில், எங்கள் வீட்டு கராஜில், காலி ஊறுகாய் பாட்டில் ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி நான் வாயைப் பிளந்து நின்ற அந்த வெள்ளிக்கிழமை இன்றும் எனக்கு மறக்கவில்லை. பாட்டிலில் மேலே பெட்ரோல், கீழே தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு. முந்தின நாள்தான் மாட்டிய புத்தம்புது பெட்ரோல் ஃபில்டரிலிருந்து வடிந்தது அது. மறுநாள் கல்யாணம்.

கல்யாணம் எனக்கில்லை. எனக்கு அப்போதே ஆகி ஆறு வருஷமாகியிருந்தது, பட்டது போதும். எங்கள் சர்ச்சில் பழக்கமான ஒரு அங்கிளின் மகளுக்கு. நாகர்கோவில்காரர். மணப்பெண்ணை வீட்டிலிருந்து சர்ச்சுக்கு என் பழைய காரில் கூட்டிப் போவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஈஸ்டர் பூசை முடிந்து ஹாலில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நானே போய் வாயைக் கொடுத்தேன். "லிமோசினா? அதுல ஏர்போர்ட்டுக்குப் போறவன்லாம் ஏறுறான் அங்கிள். என் வண்டி இருக்க, உங்களுக்கு எதுக்கு அது?"

மணப்பெண் காபியைக் கீழே வைத்தாள். "வித் த டாப் டௌன், அங்கிள்? ஆர் யூ சீரியஸ்?"

என்னைவிடப் பத்து வயதுதான் சின்னவள், என்னை அங்கிள் என்கிறாள். அந்த அதிர்ச்சியில் யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். அங்கிள் அந்த வாரமே லிமோசினை கேன்சல் பண்ணிவிட்டார். மணப்பெண்ணின் அம்மாவுக்கு மட்டும் என் வண்டி மேல் நம்பிக்கையில்லை. மனிதர்களைச் சரியாக எடைபோடுகிற பெண்மணி.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அறுபத்தேழாம் வருஷத்து அமெரிக்க வண்டி. என்னைவிட இரண்டு வயது மூத்தது, ஆகாய நீலம், மேல்கூரையை மடக்கிவிடலாம். பென்சில்வேனியாவில் ஒரு ரிட்டயர்டு ஆசிரியரிடம் வாங்கினேன். தூத்துக்குடியில் அப்பாவின் ஸ்கூட்டரைத் துடைத்ததைத் தவிர எனக்கு வண்டி ரிப்பேரில் வேறு அனுபவம் கிடையாது. ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். அங்கே எது கெட்டாலும் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவேன், பாதி நேரம் சரியாகிவிடும். அதே வைத்தியத்தைத்தான் இந்த வண்டிக்கும் செய்துவந்தேன்.

இந்த வண்டிக்கு இரண்டு விசேஷம். ஒன்று, பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும். டேங்க் நிறைந்திருந்தாலும் பாதி, காய்ந்திருந்தாலும் பாதி. இரண்டாவது, பெட்ரோல் ஊற்றும் வாய் பின்பக்க நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பிளேட்டைக் கீழே மடக்கினால்தான் மூடி தெரியும். நியூ ஜெர்சியில் நாமே பெட்ரோல் போடச் சட்டம் விடாது, பங்க்கில் இருப்பவர்தான் போடவேண்டும். அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தேடிக் களைத்த பிறகு, நான் இறங்கிப் போய் மேஜிக்காரன் மாதிரி பிளேட்டை மடக்கிக் காட்டுவேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் வண்டியே வாங்கினேன் என்பாள் மனைவி. அவளுக்கு இந்த வண்டி சக்களத்தி. பேரே அதுதான். "சக்களத்திய கராஜ்ல விட்டாச்சா? சாப்பிட வாங்க."

மனைவி வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். பிரின்ஸ்டன் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில், எவ்வளவு எடைக்கு எவ்வளவு மருந்து என்று கணக்குப் போடுகிற வேலை. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண வாரம் புதன்கிழமை வண்டிக்கு விக்கல் வந்தது. கிளம்பும், கொஞ்ச தூரம் போகும், ஒரு குலுக்குக் குலுக்கும், மூச்சை நிறுத்தும். இன்டர்நெட்டில் கேட்டேன். ஃபில்டர் அடைத்திருக்கும், மாற்று என்றார்கள். பெட்ரோலில் வரும் துருவையும் தூசியையும் பிடித்துவைக்கிற, கட்டைவிரல் பருமனில் ஒரு தகர டப்பா. இரண்டு பக்கமும் ரப்பர் குழாய், ஆளுக்கொரு கிளிப். பத்து நிமிஷ வேலை என்று போட்டிருந்தது. போட்டவன் மனிதனே இல்லை.

வியாழக்கிழமை தலைவலி என்று ஆபீசுக்குச் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினேன். குழாயை உருவியதும் பெட்ரோல் என் கைவழியே முழங்கைக்கு வந்து, முழங்கையிலிருந்து அக்குளுக்குப் போனது. பெட்ரோல் அக்குளில் இவ்வளவு குளிரும் என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை. அலறிக்கொண்டு கராஜுக்கு வெளியே ஓடிவந்தால், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் புல்வெட்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். கையை ஆட்டி "நைஸ் வெதர்!" என்றேன்.

புது ஃபில்டரை மாட்டி சாவியைத் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான், டப்பா மேல் அம்புக்குறி ஒன்று போட்டிருப்பதையும் அது டேங்கைப் பார்த்துத் திரும்பியிருப்பதையும் கவனித்தேன். கழற்றித் திருப்பி மாட்டினேன். இன்னொரு அக்குளுக்கும் அபிஷேகம் ஆனது. ஆனால் வண்டி கிளம்பிவிட்டது! வீட்டுக்குள் ஓடிப்போய் மனைவியிடம் "பாத்தியா, பாத்தியா?" என்றேன். குளித்துவிட்டு வந்து பேசச் சொன்னாள்.

அந்தப் பெருமையோடு சும்மா இருந்திருக்கலாம். மாலை கூரையைத் திறந்துகொண்டு மணப்பெண் வீட்டுத் தெருவில் ஒரு ஊர்வலம் போனேன். அவர்கள் வாசலுக்கு நேராக, மிகச் சரியாக அவள் அம்மா அஞ்சல்பெட்டியைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

"என்ன தம்பி, சும்மா பாக்க வந்தீங்களா?"

"ஆமா ஆன்ட்டி. அப்படியே... ரூட்டு பாக்க."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு ஆன்ட்டி."

அவர் உள்ளே போகவில்லை. நான் கிளம்புவதைப் பார்க்க நின்றார். நான் ஏழெட்டுத் தடவை சாவியைத் திருப்பினேன். அப்போது மணப்பெண் மருதாணிக் கையை விரித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அங்கிள், இட்ஸ் ஓகே. இட்ல் பி ஓகே, ரைட்?" என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது. இதுவரை விளையாட்டு. இப்போது ஒரு பெண் கல்யாணத்தன்று நடுத்தெருவில் நிற்கப்போகிறாள், என் வாயால்.

மேலப்பாளையத்து நண்பனைக் கூப்பிட்டேன். ஜெர்சி சிட்டியில் என் பக்கத்து சீட்டுக்காரன், ஒரே ரயிலில் போய் வருகிறவன். கயிறு கொண்டுவந்து வண்டியை இழுத்துப்போய் கராஜில் விட்டான். மறுநாள் ஜும்ஆ தொழுகை முடித்ததும் நேராக வந்துவிட்டான், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"ஏல மாப்ள, இது வண்டி இல்லல, வியாதி" என்றான். பிறகு புது ஃபில்டரைக் கழற்றி, கையில் கிடைத்த ஊறுகாய் பாட்டிலில் கவிழ்த்தான். மேலே பெட்ரோல். கீழே தண்ணீர்.

நான் பாட்டிலை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

"ஏல, தண்ணியா இது?"

"தண்ணி மாதிரிதான் இருக்கு."

"பெட்ரோல் டேங்குக்குள்ள தண்ணி எப்படில வரும்? மழை பெஞ்சுதா உள்ள?"

ஃபில்டருக்குள் இருக்கும் காகிதம் தண்ணீர் பட்டால் ஊதி அடைத்துக்கொள்ளும். அதனால்தான் புதிதும் செத்தது, எத்தனை மாட்டினாலும் சாகும். டேங்கைக் காலி செய்தாலொழிய விமோசனம் இல்லை. அது புரிந்த அடுத்த நொடி எனக்குக் கோபம் வந்தது. பங்க்காரன்! கலப்படம்! அமெரிக்காவிலுமா! நண்பனின் காரில் ஏறி, ஊறுகாய் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பங்க்குக்குப் போனோம்.

அங்கே எப்போதும் இருப்பவர் நரைத்த தாடியோடு ஒரு சர்தார். நான் ஹிந்தியில் ஆரம்பித்தேன். எனக்கு ஹிந்தியில் மொத்தம் ஒன்பது வார்த்தை தெரியும், அதில் நாலு சாப்பாட்டு அயிட்டம். பாட்டிலை ஆட்டி ஆட்டி "பானி! பானி!" என்றேன். அவர் பரிதாபமாகப் பார்த்துவிட்டு உள்ளே போய் எனக்குக் குடிக்க ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு நண்பனின் தொப்பியைப் பார்த்து உருதுவில் ஏதோ கேட்டார். "எனக்கும் அது தெரியாதுங்க" என்று அவன் சுத்தமான தமிழில் பதில் சொன்னான். கடைசியில் மூன்று பேரும் இங்கிலீஷுக்கு வந்து சேர்ந்தோம்.

விஷயத்தைக் கேட்டதும் சர்தார் ரோட்டைக் காட்டினார். "என் பெட்ரோலில் தண்ணீர் இருந்தால் இங்கே போட்டுக்கொண்டு போன வண்டியெல்லாம் அந்த சிக்னலில் வரிசையாக நிற்கவேண்டும். நிற்கிறதா?"

நிற்கவில்லை. எல்லாம் பறந்துகொண்டிருந்தன.

"அது மட்டுமில்லை சார். உங்கள் வண்டிக்கு வாய் எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. எனக்கே நீங்கள் காட்டித்தான் தெரியும்."

திரும்பி வரும்போது நண்பன் கேட்டான். "அவரு சொன்னது நியாயம்ல. அந்த வாயி வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாதுல. நான் டிக்கிக்குள்ளன்னுல்லா நெனச்சேன்."

வீட்டுக்கு வந்ததும் அவன் குழாய் தேட கராஜுக்குப் போனான். நான் ஊறுகாய் பாட்டிலும் கையுமாக, ஒரு வேலையாக வீட்டுக்குள் போனேன். அதைச் சொல்லத்தான் வெட்கம். எங்கள் வீட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில், வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த தீர்த்தம் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் இருக்கும். மாதா உருவத்திலேயே பாட்டில், கிரீடம்தான் மூடி. எதற்கெடுத்தாலும் அதைத் தெளிக்கிற சனங்களைக் கிண்டல் செய்தே வளர்ந்தவன் நான். ஆனால் அந்த மதியம், இரண்டு ஃபில்டரும் ஒரு சர்தாரும் கைவிட்ட நிலையில், யாரும் பார்க்காமல் வண்டி மேல் ரெண்டு சொட்டுத் தெளித்துவிடலாம் என்று கிரீடத்தைத் திருகினேன்.

பாட்டில் காலி. ஒரு சொட்டு இல்லை.

பக்கத்து அறையில் மனைவி கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இதுல இருந்த தீர்த்தம் எங்க?"

"எதுக்கு?"

"சும்மாதான். வண்டி மேல கொஞ்சம் தெளிக்கலாம்னு."

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "வெளிய தெளிச்சு என்ன பிரயோஜனம்? பெயின்ட்டுக்குத்தான் ஆசீர்வாதம் போய்ச் சேரும். உள்ள போகணும்ல?"

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். அவள் பார்வை மெதுவாக என் கையிலிருந்த ஊறுகாய் பாட்டிலுக்கு வந்தது. அந்தக் கோட்டுக்கு வந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் வாய் இருப்பது தெரிந்த மூன்றாவது ஆள், பங்க்கில் நான் மேஜிக் காட்டும்போதெல்லாம் முன்சீட்டில் உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்ட ஆள்.

"எவ்வளவு ஊத்தின?"

"மொதல்ல ஒரு மூடிதான்."

"மொதல்ல?"

"டேங்க் அவ்வளவு பெருசுன்னு நீங்கதான சொன்னீங்க. ஒரு மூடி எப்படி பத்தும்? டோஸ் குறைஞ்சா குடுத்தும் குடுக்காத மாதிரிதான். அதான் முழுசா..."

எடைக்குத் தகுந்த மருந்து! டாக்டர் பட்டம் வேலை செய்திருக்கிறது.

"நீ கெமிஸ்ட்ரி படிச்சவ! பெட்ரோல்ல தண்ணி கலக்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தண்ணின்னா கலக்காது" என்றாள், என்னை ஒரு மக்கு மாணவனைப் பார்ப்பதுபோலப் பார்த்து. "இது தீர்த்தம்." பிறகு குரல் இறங்கியது. "போன மாசம் ரூட் ஒன்ல பெட்ரோல் தீந்து, ரெண்டு லாரிக்கு நடுவுல நின்னுட்டேன்னு சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னீங்க. எனக்கு அன்னிக்கு ராத்திரி சாப்பாடே எறங்கல. ஏர்பேக் கிடையாது, இடுப்புல ஒரு வார் மட்டும். இப்ப அந்தப் பொண்ணை வேற ஏத்திட்டுப் போறேங்கறீங்க. நான் என்ன பண்றது? சொன்னா கேக்குற ஆளா நீங்க?"

கிரீடத்தை மறுபடி திருகி மூடினேன். நான் சொன்ன ஜோக்குக்கு ஒரு ஆள் சிரிக்கவேயில்லை என்பது ஒரு மாதம் கழித்துத் தெரியவருவது, பெட்ரோல் அக்குளைவிடக் குளிர்ச்சியான சமாச்சாரம்.

கராஜுக்குப் போய் நண்பனிடம் சொன்னேன். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அல்லாவே!" என்றான். ரொம்ப நேரம் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி உன்மேல அவ்வளவு உசுரா இருக்குல. எங்க வீட்டுல இவ்வளவு மெனக்கெட மாட்டாங்க, ஒரு துவா ஓதிட்டு விட்டுருவாங்க" என்றான்.

டேங்கைக் காலி செய்தோம். கடையில் அதற்குக் கைப்பம்பு விற்கிறான், ஓடிப்போய் வாங்கி வருகிறேன் என்றான் நண்பன். பம்பா? தூத்துக்குடிக்காரனுக்கா? டியூபின் ஒரு நுனியை டேங்கில் விட்டு மறு நுனியில் வாயை வைத்து உறிஞ்சினேன். அடுத்த இரண்டு நாளைக்கு நான் ஏப்பம் விட்டபோதெல்லாம் பக்கத்தில் யாரும் தீக்குச்சி கிழிக்காதது நான் செய்த புண்ணியம். நண்பன் போய்ப் பம்பு வாங்கிவந்தான்.

வடித்ததைச் சிவப்புக் கேன்களில் பிடித்தபோது இன்னொரு அதிர்ச்சி. மனைவி வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "தீர்த்தத்தைக் கண்ட எடத்துல கொட்டக்கூடாது. மண்ணுலதான் ஊத்தணும், இல்லன்னா செடிக்கு."

"எந்தச் செடிக்கும்மா? பெட்ரோல் குடிக்கிற செடிக்கா?"

கேன்களை டவுன்ஷிப்பின் கழிவு மையத்தில் ஒப்படைப்பதற்கு ஒருவழியாகச் சம்மதித்தாள். ஊறுகாய் பாட்டிலை மட்டும் விடவில்லை. அது எங்கள் கராஜ் அலமாரியில், மூடி இறுக்கி, அந்தக் கோடு கலையாமல் வருஷக்கணக்கில் இருந்தது. மூன்றாவது ஃபில்டரை அம்பு பார்த்து மாட்டினேன். ஒரு கேன் புது பெட்ரோல் ஊற்றினோம். கிளம்பியது. நிஜமாகவே கிளம்பியது. நம்பிக்கை வருகிறவரைக்கும் அந்த வட்டாரத்தையே சுற்றிச் சுற்றி வந்தோம்.

சனிக்கிழமை காலை கூரை திறந்தபடி மணப்பெண் வீட்டுக்கு வந்தேன். வெள்ளை கவுனை அள்ளிப் பின்சீட்டில் ஏற்றவே நாலு பேர் தேவைப்பட்டார்கள். பக்கத்தில் அங்கிள், கோட்டு சூட்டோடு. பின்னால் நண்பனின் காரில் என் மனைவி. அதற்குப் பின்னால் மணப்பெண்ணின் அம்மா, என் வண்டி நிற்கும் கணத்தைத் தவறவிடக்கூடாது என்கிற மாதிரி ஒட்டிக்கொண்டே வந்தார்.

பாதி வழியில் முள்ளைப் பார்த்தேன். பாதி. ஆகா, பாதி இருக்கிறதே என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அடுத்த கணம் நினைவு வந்தது. அது என்றைக்கு வேறெதைக் காட்டியிருக்கிறது? ஊற்றியதே ஒரு கேன். நேற்று மாலை நானும் நண்பனும் சுற்றியது எத்தனை சுற்று?

வண்டியைத் திருப்பிப் பங்க்குக்குள் விட்டேன்.

"என்னடே தம்பி, சர்ச்சு அந்தப் பக்கம்லா?" என்றார் அங்கிள்.

"ஒரு நிமிஷம் அங்கிள். சும்மா ஒரு... டாப் அப்."

அவர் கோட்டுக்குள் செல்ஃபோன் அலறியது. மணப்பெண்ணின் அம்மாதான். அங்கிள் எடுக்கவில்லை. எவ்வளவு விவரமான மனிதர்.

அதே சர்தார். மணப்பெண்ணைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். உள்ளே போய்க் கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்துவந்து, பைப்பிலிருந்து அதில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, வெயிலில் தூக்கிக் காட்டினார். "கோடு இருக்கிறதா சார்? நன்றாகப் பாருங்கள். பிறகு பானி பானி என்று வரக்கூடாது."

"அங்கிள், வாட்ஸ் கோயிங் ஆன்?" என்று மணப்பெண் கேட்டாள். நான் காதில் விழாதவன்போல அவசரமாகப் பின்னால் ஓடினேன். அதற்குள் சர்தாரே பிளேட்டை மடக்கிவிட்டிருந்தார். மடக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். மூடிக்குப் பக்கத்தில், நீல நூலில் கட்டி, சுண்டுவிரல் நகமளவுக்கு, மாதா உருவம் பொறித்த சுரூபம் ஒன்று தொங்கியது.

திரும்பி நண்பனின் காரைப் பார்த்தேன். முன்சீட்டில் பட்டுச்சேலை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

சர்தார் சுரூபத்தை ஒரு விரலால் பவ்யமாக ஒதுக்கிவிட்டு டேங்கை நிரப்பினார். நான் பிளேட்டை மெதுவாகத் திருப்பி மூடினேன், உள்ளே தூங்குகிறவரை எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல. சாவியைத் திருப்பினேன். ஒரு இருமல்கூட இல்லை. "கோ அங்கிள், கோ!" என்றாள் மணப்பெண், முக்காட்டு வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. சர்ச் வாசல் வரைக்கும் அவள் சிரிப்பு காற்றில் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. அவள் இறங்கி, கவுனைச் சரிசெய்து, அப்பாவின் கையைப் பிடித்த பிறகுதான் நான் ஸ்டியரிங்கிலிருந்து விரல்களைப் பிரித்தெடுத்தேன். பின்னால் வந்து இறங்கிய அவள் அம்மா என் பக்கம் வந்து, "பரவாயில்லையே தம்பி" என்றார். அந்த மூன்று நாளில் எனக்குக் கிடைத்த கடைசி அதிர்ச்சி அது என்றுதான் நினைத்தேன்.

கல்யாணத்துக்காக ஊரிலிருந்து வந்திருந்த ஃபாதர் வாசலில் தீர்த்தச் செம்போடு நின்றிருந்தார். மணப்பெண் மேல் தெளித்தார், அப்பா மேல் தெளித்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடேயப்பா, என்ன அழகான வண்டி! இதுக்கும் கொஞ்சம் தெளிச்சுவிடவா?" என்று செம்போடு இறங்கி வண்டிக்குப் பின்பக்கமாக நடந்தார்.

நான் பாய்ந்து போய் நம்பர் பிளேட்டை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

"தாராளமா தெளிங்க ஃபாதர்" என்றேன். "ஆனா வெளிப்பூச்சுக்கு மட்டும்."